ஓராள் சமையலின் விஞ்ஞானம்

சென்னையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ பெங்களூருக்கு மாற்றலாகி வந்து, ஓர் அறையை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, தம் கையாலேயே சமைத்து உண்ண முற்படும் ஊழியர் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனிப்பார். சொந்த ஊரில் திறந்த பாத்திரத்தில் மலர வெந்த துவரம்பருப்பு, இங்கே அதே நேரம் கொதித்தும் விரலுக்கு அகப்படும் விதையாகவே நிற்கும். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று அவர் கருதக்கூடும். கடைக்காரர் மீது குற்றம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் குற்றத்தில் ஒரு பங்கு நிச்சயமாக நில அமைப்பினுடையது. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் குறைய நீர் கொதிக்கும் உஷ்ணநிலையும் தாழ்கிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கிட்டால் பெரும்பிழை வராது. ஆகவே சென்னையில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர் பெங்களூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதன் பிறகு அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்து நீர் அதற்கு மேல் சூடேறாது.

மூன்று டிகிரி அற்பமான வேறுபாடு எனத் தோன்றலாம். பருப்பும் கிழங்கும் வேகும் வேகம், உஷ்ணநிலை பத்து டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது தோராயமான பொதுவிதி. அதன்படி மூன்று டிகிரி இழப்பு, வேகும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டிவிடும். குடும்பத்தில் சமைப்பவர்கள் இந்த நீட்சியைத் தம்மை அறியாமலே பழகிக்கொள்கிறார்கள். காலையில் எட்டரை மணிக்குப் பேருந்தைப் பிடிக்கவேண்டிய தனி ஆள், இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பருப்பையே கைவிடுகிறார். சோறு, ரசப்பொடி கரைத்த நீர், ஊறுகாய், மோர் என்ற அளவில் அவருடைய ஆகாரம் சுருங்குகிறது. இக்கட்டுரை இந்தச் சுருக்கத்தைப் பற்றியது. அதற்குச் சோம்பல் ஒரு காரணமே. தனி ஆளின் சமையலைக் குடும்பச் சமையலின் நான்கில் ஒரு பங்கு என்று எண்ணி, எல்லாவற்றையும் நான்கால் வகுக்கத் தொடங்குவது மற்றொரு காரணம். சமையலில் வகுபடும் பொருள்கள் சில, வகுபடாதவை பல.

நீர் வகுபடுவதில்லை

சோற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். (ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல் என்பதால், உணவு அட்டவணைகளை மொழிபெயர்ப்பவர்கள் ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்கே கூறும் எடைகள் யாவும் அரிசியின் எடைகளே.) நூறு கிராம் அரிசி வெந்து சோறாகும்போது ஏறத்தாழ 200 கிராம் நீரை உள்வாங்குகிறது. இது அரிசியின் தேவை. அரிசியின் அளவுக்கேற்பக் கூடும், குறையும். ஆனால் பாத்திரத்திலிருந்து ஆவியாகப் போகும் நீர் அரிசியின் அளவைப் பொறுத்ததன்று. தீயின் வேகம், பாத்திரத்து வாயின் அகலம், கொதிக்கும் நேரம் ஆகியவற்றையே அது பொறுத்தது.

ஓர் உதாரணம் கொள்வோம். குறிப்பிட்ட பாத்திரம் ஒன்றிலிருந்து, சோறு வேகும் நேரத்திற்குள் 150 கிராம் நீர் ஆவியாகிறது என வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 400 கிராம் அரிசி வைத்தால், உள்வாங்க 800, ஆவியாக 150, ஆக 950 கிராம் நீர் வேண்டும். அம்மையார் எழுதிக் கொடுத்த இந்த அளவை நான்கால் வகுத்துக்கொண்டு, 100 கிராம் அரிசிக்குச் சற்றேறக்குறைய 240 கிராம் நீர் வைக்கிறார் மகன். அதே பாத்திரம், அதே தீ. 150 கிராம் ஆவியாகிவிடுகிறது. அரிசிக்கு எஞ்சுவது 90 கிராம். அடியில் தீய்ந்தும் நடுவில் அரிசியாகவும் நிற்கும் அந்தப் பண்டத்தைக் கண்டு, தமக்குச் சமையல் வராது என்று அவர் முடிவு செய்கிறார். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்த நீர் 350 கிராம்.

உப்பும் இவ்வாறே ஏமாற்றும். ஒருவருக்கு வைத்த குழம்பில் நீரின் பெரும்பங்கு ஆவியாகிவிடுவதால், முதலில் சரியாக இருந்த உப்பு இறக்கும்போது மிஞ்சிவிடுகிறது. ஆகையால் தனி ஆள் உப்பைக் கடைசியில் சேர்ப்பதே நலம்.

தீயைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லலாம். ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து பெங்களூரின் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 300 கிலோஜூல் வெப்பம் போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்க 2,200 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கும் அதிகம். கொதி வந்தபின் தீயைத் தணிக்காமல் விடுபவர், எரிவாயுவின் பெரும்பகுதியை அறையின் ஜன்னல் வழியே வெளியேறும் நீராவிக்காகச் செலவிடுகிறார். சிறு பாத்திரத்தைப் பெரிய அடுப்பில் வைத்தால் சுடர் பக்கங்களில் வழிந்து வீணாவதைக் கண்ணாலேயே காணலாம். இரண்டு தலை உள்ள அடுப்பானால் சிறிய தலையே ஓராளுக்கு உரியது.

இனி, பாத்திரம் சிறுத்தால் அதன் கொள்ளளவு குறையும் அதே விகிதத்தில் அதன் பரப்புக் குறைவதில்லை. கொள்ளளவை நான்கில் ஒன்றாக்கினால், ஒவ்வொரு கிராம் உணவுக்கும் வெளிக்காற்றைத் தொடும் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. சிறிதளவு உணவு விரைவில் சூடேறும். அதைவிட விரைவில் ஆறியும் போகும். இந்த உண்மை தனி ஆளின் தயிரில் தெளிவாக வெளிப்படும். வீட்டில் ஒரு லிட்டர் பாலில் உறை ஊற்றினால் அந்தப் பால் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருந்து தயிராகிறது. பெங்களூரின் மார்கழி இரவில் ஒரு தம்ளர் பாலில் உறை ஊற்றி மேடையில் வைத்தால், பாக்டீரியா பெருகுவதற்கு முன்பே பால் குளிர்ந்துவிடும்; காலையில் பாலும் உறையும் தனித்தனியே கிடக்கும். தம்ளரைத் துணியில் சுற்றி மூடிய அரிசிப் பானைக்குள்ளோ, வெந்நீர்க் கிண்ணம் ஒன்றோடு சேர்த்து மூடிய பெட்டியிலோ வைத்தால் போதுமானது. இட்லி மாவுக்கும் இதே மருந்துதான். மாவைப் பொங்கச் செய்வதில் முக்கிய பங்குடைய லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா 30 டிகிரியை ஒட்டிய உஷ்ணநிலையில் நன்கு வேலை செய்யும். பெங்களூரின் குளிர்கால இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குபவை. சென்னைக்காரரின் எட்டு மணி நேரக் கணக்கு இங்கே செல்லாது.

அடுக்குப் பாத்திரத்தின் வரலாறு

ஓராள் சமையலுக்கென்றே சிந்தித்துச் செய்த கருவி நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு முன்பே தோன்றியது. மருத்துவமும் சட்டமும் கற்றவரான இந்துமாதவ் மல்லிக் என்னும் வங்காள அறிஞர் 1910-இல் இக்மிக் குக்கர் என்பதை உருவாக்கினார். சுகாதாரம், சிக்கனம் என்னும் பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கலந்து அமைத்த பெயர் அது. உயரமான உருளைப் பாத்திரம் ஒன்று. அதன் அடியில் கரித்தணல். உள்ளே சிறிது நீர். நீரின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கிண்ணங்களில் அரிசி, பருப்பு, காய். மூடி வைத்துவிட்டு வெளியே சென்று திரும்பினால், எல்லாம் நீராவியில் வெந்திருக்கும். அடுப்படியில் நின்று கிளற ஆளில்லாத மாணவருக்கும் பிரயாணிக்கும் இது பெரிதும் பயன்பட்டது. தென்னாட்டிலும் இதே இனத்தைச் சேர்ந்த பித்தளைக் குக்கர் ருக்மணி குக்கர் என்ற பெயரில் புழங்கியதைப் பெரியவர்கள் பலர் நினைவுகூர்வர்.

மல்லிக்கின் கருவியில் உள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வெளிப்பாத்திரத்து நீர்தான் ஆவியாகிறது. உள் கிண்ணத்து நீர் ஏறக்குறைய முழுவதும் அரிசிக்கே மிஞ்சுகிறது. எனவே வகுத்தல் கணக்கு இங்கே பொய்ப்பதில்லை. ஒரு கிண்ணம் அரிசிக்கு இரண்டு கிண்ணம் நீர் என்றால், அரைக் கிண்ணத்திற்கு ஒன்று என்பது அப்படியே பொருந்தும். அடி பிடிப்பதும் இல்லை. ஏனெனில் கிண்ணத்தின் அடியைத் தீ தொடுவதே இல்லை. குறை ஒன்றுதான்: நீராவி அடைபடாததால் உஷ்ணநிலை உள்ளூர்க் கொதிநிலையைத் தாண்டாது, பருப்புக்கு நெடுநேரம் பிடிக்கும்.

அந்தக் குறையை நீக்குவது பிரஷர் குக்கர். அதன் மூதாதை, பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பென் 1679-இல் லண்டனில் செய்து காட்டிய இறுக்கமூடிப் பாத்திரம். இந்தியாவில் 1959-ஐ ஒட்டி, பம்பாயில் ஹாக்கின்ஸ் நிறுவனத்தாரும் பெங்களூரில் டி.டி.கே. குழுமத்தின் பிரெஸ்டீஜ் தொழிற்சாலையாரும் இதை உற்பத்தி செய்யத் தொடங்கினர். மூடியின் மேலுள்ள எடை, வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம் அழுத்தம் உள்ளே சேரும் வரை நீராவியை விடாது. அந்நிலையில் நீர் கடல் மட்டத்தில் 120 டிகிரியிலும், பெங்களூரில் 118 டிகிரியிலும் கொதிக்கும். முன்பு கூறிய பொதுவிதிப்படி 97-க்கும் 118-க்கும் உள்ள வேறுபாடு, பருப்பு வேகும் நேரத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்துவிடும். சென்னைக்கும் பெங்களூருக்கும் உள்ள மூன்று டிகிரி வேறுபாடும் இரண்டாகச் சுருங்கிவிடுவதைக் காண்க.

தனியாக வாழ்பவருக்கு ஒன்றரை லிட்டர் முதல் மூன்று லிட்டர் வரையுள்ள குக்கர்கள் கிடைக்கின்றன. மூன்று லிட்டர்க் குக்கரில் இரண்டு சிறு கிண்ணங்களை அடுக்க முடியுமாதலால் அதுவே சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கீழே பருப்பு, மேலே அரிசி, அடியில் நீர். ஆனால் பலர் செய்யும் தவறு, விசிலை எண்ணுவது. விசில் நேரத்தின் அளவு அன்று, தீயின் அளவு. தீயைப் பெரிதாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வரும். தணித்து வைத்தால் ஒன்றுகூட வராமல் அதே பருப்பு செவ்வனே வெந்திருக்கும். முதல் விசில் வந்தவுடன் தீயைத் தணித்து, கடிகாரத்தைப் பார்ப்பதே முறை. எடையைத் தனியாக வைக்கும் அமைப்பானால், நீராவி சீராக வெளிவரத் தொடங்கிய பின்பே வைக்க வேண்டும். உள்ளே காற்றுத் தங்கிவிட்டால் அழுத்தம் இருந்தும் உஷ்ணநிலை ஏறாது. பருப்பைக் கிண்ணமின்றி நேரே குக்கரில் இடுபவர்கள் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. பொங்கும் நுரையும் தோலும் நீராவித் துளையை அடைத்துவிடும்; அப்போது பாதுகாப்புக்கு எஞ்சியிருப்பது மூடியின் காப்புத் துளையே. அதன் உறுப்புகள் பழுதானால் கடையில் கிடைக்கும் போலி உறுப்பைப் பொருத்துவது, தனியே வாழும் ஒருவர் செய்யக்கூடாத சிக்கனம்.

பருப்பு ஏன் வேகவில்லை

உயரத்தின் பங்கைக் கூறினோம். பெங்களூரில் மற்றொரு காரணமும் உண்டு, அது நீர். இந்நகரத்திற்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றிக் காவிரி நீர் கொண்டுவரப்படுகிறது. அத்திட்டத்தின் முதற்கட்டம் 1974-இல் நிறைவேறியது. எனினும் பல விடுதிகளிலும் புறநகர் இல்லங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீருமே புழங்குகின்றன. ஆழ்துளை நீரில் கால்ஷியம், மக்னீஷியம் உப்புகள் மிகுதி. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை கரைந்தால்தான் பருப்பு குழையும். கடின நீரிலுள்ள கால்ஷியம் அந்தப் பெக்டினோடு சேர்ந்து அதைக் கரையாப் பொருளாக்கிவிடுகிறது. ஒரே கடைத் துவரம்பருப்பு ஓர் அறையில் குழைந்தும் அடுத்த தெருவில் குழையாமலும் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். குடிப்பதற்கு வைத்துள்ள வடிகட்டிய நீரில் இரண்டு தம்ளர் பருப்புக்குக் கொடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

புளியும் தக்காளியும் இதே தீங்கைச் செய்யும். அமிலம் பெக்டினைக் கரையவிடாது. ஆகையால் பருப்பு வெந்த பின்னரே புளி. சிட்டிகை சோடா உப்பு இட்டால் பருப்பு விரைவில் குழையும் என்பது மெய். ஆனால் தயாமின் என்னும் வைட்டமின் அதனால் அழியும். பருப்பின் பயனில் ஒரு பகுதியை இழந்து நேரத்தைச் சேமிப்பதில் பொருளில்லை.

மூன்றாவது காரணம் தனி ஆளுக்கே உரியது. மலிவு என்று ஐந்து கிலோ பருப்பு வாங்கிவிட்டு, வாரம் இருமுறை ஒரு பிடி எடுப்பவரிடம் அது மாதக்கணக்கில் தங்கும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பருப்பு, நல்ல நீரிலும் நல்ல தீயிலும் எளிதில் வேகாத் தன்மையை அடைகிறது. ஓராள் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமலிருப்பதே சிக்கனம்.

பருப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷணை நிலையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், 2,000 கலோரி கொண்ட ஒருநாள் ஆகாரத்தில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கொட்டை வகைகள் 35 கிராம் இருக்கவேண்டும் என்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். 250 கிராம் அரிசியில் கிடைப்பது ஏறத்தாழ 20 கிராம். 85 கிராம் பருப்பு 18 கிராம் தரும்; தயிர் 10 கிராம்; ஒரு பிடி நிலக்கடலை 8 கிராம். கூட்டிப் பார்த்தால் 56. இவற்றுள் பருப்பை எடுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. போவது அளவு மட்டுமன்று. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அக்குறையை நிரப்புவது பருப்பே. ரசஞ்சோறும் ஊறுகாயும் வயிற்றை நிரப்பும், பசியும் அடங்கும். ஆகவே குறை ஒன்றும் உடனே தெரியாது. மாதங்கள் கழித்துச் சோர்வாக வெளிப்படும்போது, அதை அலுவலக வேலையின் மீதும் ஊர் மாற்றத்தின் மீதும் ஏற்றிச் சொல்வார்கள்.

நாள்தோறும் பருப்புச் சமைப்பது சலிப்பூட்டுமானால், ஒரு நாளைக்கு உரிய 85 கிராமை ஒரே முறையில் உப்பும் புளியும் இன்றி வேகவைத்துக்கொள்ளலாம். காலையில் பாதி சாம்பாராகும். மற்றொரு பாதி, குளிர்சாதனப் பெட்டியில் இருந்து, இரவில் கீரையோடு கூட்டாகும். தாளிப்பதற்கு வாணலி வேண்டாம். அகன்ற வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பரவிப் படலமாகிவிடும். கடுகு பொரியாமல் கருகும். குழிந்த இரும்புத் தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெய் ஆழமாக நிற்குமாதலால் கடுகு மூழ்கிப் பொரியும். நம் முன்னோர் இக்கரண்டியை ஓராளுக்காகச் செய்யவில்லை எனினும், ஓராளுக்கு இதைவிட ஏற்ற கருவி வேறில்லை.

மிஞ்சிய சோறு

சமைத்ததை இருவேளைக்கு வைத்துக்கொள்வது தனி ஆளுக்குத் தவிர்க்க முடியாதது. அதில் ஒரே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். அரிசியில் இயல்பாகவே பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். இவ்வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு ஆறி, கை பொறுக்கும் சூட்டில் பல மணி நேரம் மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. குக்கரின் 118 டிகிரியும் அதை ஒன்றும் செய்யாது. காலையில் வடித்த சோற்றை அறையில் வைத்துவிட்டு அலுவலகம் சென்று, இரவில் நன்றாகச் சூடாக்கிவிட்டேன் என்று உண்பவர் தவறான நம்பிக்கையில் இருக்கிறார். இரவுக்கு வேண்டிய சோற்றை வெந்தவுடன் தட்டையான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்திற்குள் 5 டிகிரிக்குக் கீழுள்ள குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் அழுத்தி வைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் ஆறாது.

பெட்டியில் வைத்த சோறு விறைப்பது கெட்டுப்போனதன் அறிகுறியன்று. வெந்தபோது விரிந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் குளிரில் மறுபடியும் ஒன்றோடொன்று நெருங்கிப் படிக அமைப்புக் கொள்கின்றன. சிறிது நீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் மறுபடி மென்மையாகும். பெட்டி இல்லாதவர்கள் அந்தந்த வேளைக்கே வடிப்பது நல்லது. நூறு கிராம் அரிசி வேக ஆகும் நேரம், முதல்நாள் மாலை கடையில் வரிசையில் நிற்கும் நேரத்தைவிடக் குறைவுதான்.

எளிதில் வகுபடும் பண்டங்கள்

சில பண்டங்கள் ஓராள் அளவுக்குத் தாமே இணங்கும். கருநாடக நாட்டின் ராகிக் களி அவற்றுள் முதன்மையானது. கொதிக்கும் நீரில் மாவை இட்டு மூடிக் கிளறி இறக்கச் சில நிமிடங்களே ஆவதால் ஆவியாகும் நீர் சொற்பம். ஆகவே நூறு கிராம் மாவுக்கும் ஒரு கிலோ மாவுக்கும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்ஷியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. பால் வாங்கிவைக்க வசதியில்லாத அறைவாசிக்கு இது சிறு செய்தியன்று. தமிழ் மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் களியை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி ஒதுக்குவது வருந்தத் தக்கது. தர்மபுரியாரும் கிருஷ்ணகிரியாரும் இதற்கு விலக்கு.

மற்றொன்று ரவா இட்லி. 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது கோதுமை ரவையைக் கொண்டு இதை முதலில் செய்ததாக அந்நிலையத்தார் கூறுவர். இதில் ஆட்டுவதும் இல்லை, இரவு முழுவதும் பொங்க வைப்பதும் இல்லை. தயிரிலுள்ள அமிலம் சோடா உப்போடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்க, அந்த வாயுவே மாவை உப்பச் செய்கிறது. பாக்டீரியா எட்டுப் பத்து மணி நேரம் செய்யும் வேலையை ரசாயனம் சில நிமிடத்தில் செய்துவிடுகிறது. வாயு வெளியேறும் முன் வேகவைத்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை. அதனால் நான்கு இட்லிக்கு மேல் கரைத்து வைப்பது வீண். பொங்கிய மாவின் பலன்கள் சில இதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உளுந்து இல்லை, ஆகவே அதன் புரதமும் இல்லை.

அரைத்த மாவே பையில் கிடைக்கும் காலம் இது. 2005-இல் பெங்களூரில் ஐடி பிரெஷ் என்ற நிறுவனம் சிறு அளவில் தொடங்கி, இட்லி மாவைக் கடைகளுக்கு வழங்கலாயிற்று. பின்னர்ப் பலரும் அவ்வழியில் வந்தனர். தனி ஆளுக்கு இது உதவி என்பதில் ஐயமில்லை. வாங்கும்போது தேதியைப் பார்ப்பதும், வாங்கியவுடன் குளிரில் வைப்பதும் அவர் பொறுப்பு. மாவு பையிலும் பொங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

மைசூரிலும் இத்துறையில் பெரும்பணி நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிர் ரசாயனப் பேராசிரியராக இருந்த வி. சுப்பிரமணியன் அவர்களைத் தலைமையாகக் கொண்டு 1950-இல் அங்கே மத்திய உணவுத் தொழில்நுணுக்க ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 1961-இல் ராணுவத்தின் தேவைக்காகப் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. பல அடுக்குத் தகட்டுப் பையில் உணவை இட்டு மூடி, 121 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் பதப்படுத்தி, குளிர்சாதனமின்றி மாதக்கணக்கில் வைத்திருக்கும் முறை இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வழியே நம் சந்தைக்கு வந்தது. எல்லைப்புறச் சிப்பாய்க்கென ஆராய்ந்த உணவு இன்று பெங்களூர் அறைவாசியின் அலமாரியில் இருக்கிறது. உடல்நலம் குன்றிய நாளுக்கென இரண்டு பைகள் வைத்திருப்பது விவேகமே. நாள்தோறும் அதையே உண்பவர் பையின் மேலுள்ள சோடியம் அளவை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

வெளியில் உண்பதைக் குற்றமாகக் கூற இங்கே எண்ணமில்லை. தனி ஆட்களுக்கு உணவளிப்பதில் இந்நகரத்திற்கு நெடும் பழக்கம் உண்டு. காந்தி பஜாரில் 1943-இல் திறந்த வித்யார்த்தி பவனம் தன் பெயரிலேயே மாணவர்களைக் கொண்டிருக்கிறது. விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆகியவற்றிற்கு வந்த இளைஞர் பலரும் உணவகங்களை நம்பியே வாழ்ந்தனர். 1983-இல் ஜயநகரில் தோன்றிய தர்சினி முறை, நின்றுகொண்டே சுத்தமாகவும் மலிவாகவும் உண்டு செல்ல வழி செய்தது. 2017-இல் தொடங்கிய இந்திரா உணவகங்கள் ஐந்து ரூபாய்க்குக் காலைச் சிற்றுண்டி அளித்தன. ஆயினும் இட்லி, தோசை, பொங்கல் என்ற வரிசையில் 400 கிராம் காய்கறி எங்கே நுழையும்? அதைச் சமைப்பது அவரவர் அறையில்தான். காய்கறிக் கூட்டுறவுச் சங்கமான ஹாப்காம்ஸ் கடைகளில் விலைப்பலகையைப் பார்த்துச் சிறு அளவில் எடுத்துக்கொள்ளலாம். நான்கு வகைக் காயில் நூறு நூறு கிராம் என்பது ஓராளின் ஒருநாள் கணக்கை அப்படியே நிறைவேற்றும். மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டை வந்து குவியும்போது, உரித்த கொட்டையை வாங்கி உறைநிலைப் பெட்டியில் பகுதி பகுதியாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

மாற்றல் ஊழியர்களுக்கு எரிவாயு இணைப்புப் பெறுவது முன்பு தொல்லையாக இருந்தது. 5 கிலோ சிறு உருளை இப்போது அடையாளச் சான்று ஒன்றைக் காட்டிப் பெறக்கூடியதாக உள்ளது. முன்னர்க் கூறிய ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க நல்ல அடுப்பில் சுமார் 10 கிராம் எரிவாயு ஆகும் என்பதை நினைவில் கொண்டால், உருளை எத்தனை நாள் வரும் என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பில் காட்டுவது எளிது. 110 டிகிரி வரை காட்டும் ஆய்வுக்கூட உஷ்ணமானி ஒன்றும், பீக்கரில் கொதிக்கும் நீரும் போதும். குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாதவாறு பிடித்து அளந்தால் சென்னையில் 100, பெங்களூரில் 97, உதகமண்டலத்தில் 92-க்கும் 93-க்கும் இடையே என்று காணலாம். பிறகு அதே நீரில் ஒரு கரண்டி துவரம்பருப்பை இட்டு, இருபது நிமிடம் கழித்து மாணவர்களை நசுக்கிப் பார்க்கச் சொல்லலாம். வெளியூர்ப் பள்ளிகளோடு கடிதத் தொடர்புள்ளவர்கள் ஒரே கடைப் பருப்பில் பாதியை அங்கே அனுப்பி, இரண்டு இடத்துக் கணக்கையும் ஒப்பிடுவது மேலும் சுவையாக இருக்கும். அப்போது இரு இடங்களிலும் வாலை வடிநீரையே பயன்படுத்த வேண்டும்.